யானை மேல் ஏறி யானையைப் படம் பிடித்தவர்!

காட்டுக்குப் போகிறவர்கள் ஒரு காலத்தில் துப்பாக்கியோடு போனார்கள். புலித் தோலும் மான் கொம்பும் கொண்டுவந்து வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். பெரிய மனிதர் வீடு என்பதற்கு அதுவே அடையாளமாக இருந்தது.

அந்தக் காலத்திலேயே ஒருவர் துப்பாக்கியை விட்டுவிட்டுக் காமிராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தார். யானையைப் படம் பிடித்தார். காட்டெருதைப் படம் பிடித்தார். மான், குரங்கு, நாரை, கொக்கு எதையும் அவர் விடவில்லை. அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது வெறும் பிலிம் சுருள்தான்.

அவர்தான் மா. கிருஷ்ணன். இந்தியாவில் வனவிலங்குகளைப் படம் பிடித்தவர்களில் முன்னோடி. நம் தமிழர். இங்கிலீஷில் எழுதி, நாடு முழுவதும் பெயர் வாங்கியவர்.

அவருடைய தமிழ் எழுத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நாவலாசிரியரின் மகன்

கிருஷ்ணன் 1912-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தகப்பனார் அ. மாதவையா. "பத்மாவதி சரித்திரம்" என்ற நாவலை எழுதியவர். தமிழின் முதல் நாவல்களில் ஒன்று அது. எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி கிருஷ்ணன்.

மாதவையா சர்க்கார் உத்தியோகத்தை முன்னதாகவே விட்டு விலகினார். சென்னை மயிலாப்பூரில் குடியேறி, அச்சகம் வைத்தார். "பஞ்சாமிர்தம்" என்ற மாதப் பத்திரிகையை நடத்தினார்.

மயிலாப்பூர் இப்போது இருப்பதைப் போல அப்போது இல்லை. வீட்டைச் சுற்றிப் புதர்க்காடு. இரவில் நரி ஊளையிடும். பகலில் பறவைகளுக்குக் குறைவில்லை. பதினோரு வயதிலேயே கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தார். மற்றப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மிருகங்களைப் பார்த்தபோது, அவர் கொல்லைப்புறத்தில் பார்த்தார்.

1925-ம் ஆண்டில் அந்தக் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப் படிப்புக்குத் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று மாதவையா பேசினார். பேசி முடித்த சற்று நேரத்துக்கெல்லாம் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. மூத்த சகோதரி லட்சுமி குடும்பப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்.

துரைசானியிடம் கற்ற சித்திரம்

இந்து ஹைஸ்கூலில் படிப்பை முடித்த கிருஷ்ணன், 1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவர இயல் பேராசிரியராக இருந்தவர் பைசன் என்ற வெள்ளைக்காரர். நீலகிரி, பழனி மலைகளின் செடி கொடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் அவர்.

பைசன் துரை மலைக்குச் செடி தேடிப் போகும்போது கிருஷ்ணனும் கூடப் போவார். துரையின் மனைவி நன்றாகப் படம் வரைவார். நீர்வண்ணச் சித்திரம் தீட்டுவதைக் கிருஷ்ணன் அந்த அம்மாளிடம் கற்றுக்கொண்டார்.

பின்னாளில் அவருக்கு மிகவும் உதவியது இந்தப் பயிற்சிதான். இலை எப்படிக் கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இறகு எப்படி மடிகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்த கண், காமிராவைப் பிடித்தபோதும் அதே மாதிரிதான் பார்த்தது.

1931-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பிறகு எம்.ஏ., 1936-ல் சட்டப் படிப்பு. ஆனால் பரீட்சையில் பிரகாசித்தவர் அல்ல. வக்கீல் தொழிலிலும் மனம் ஒட்டவில்லை. சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், படம் வரைந்து கொடுத்தார். 1937-ல் இந்துமதி என்ற பெண்மணியை மணந்தார். குடும்பம் ஆகிவிட்டது. நிலையான வருமானம் மட்டும் இல்லை.

மகாராஜாவின் உத்தியோகஸ்தர்

1942-ல் சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பல்லாரிக்குப் பக்கத்தில் இருந்த சின்னஞ்சிறு சமஸ்தானம் அது. மலையும் காடும் சூழ்ந்த ஊர்.

அங்கே அவர் பார்க்காத வேலை இல்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். நீதிபதியாக இருந்தார். விளம்பர அதிகாரியாக இருந்தார். மகாராஜாவின் அரசியல் காரியதரிசியாகவும் இருந்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் காட்டில் திரிந்தார். ஆடு மேய்த்தார். கடிதம் கொண்டுபோகப் பழக்குவதற்காகப் புறா வளர்த்தார்.

சந்தூர் இளவரசர் எம்.ஒய். கோர்படே, பின்னாளில் கர்நாடகத்தில் மந்திரியாக இருந்தவர். அவரும் கறுப்பு வெள்ளையில் வனவிலங்குப் படம் எடுத்துப் பெயர் பெற்றார். அந்தச் சிறிய ஊர் நாட்டுக்கு இரண்டு படக்காரர்களைக் கொடுத்தது!

1949-ல் சந்தூர் இந்திய யூனியனில் இணைந்தது. சமஸ்தானம் போயிற்று. உத்தியோகமும் போயிற்று. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார்.

சம்பளம் இல்லாத வாழ்க்கை

அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. பட்டங்களும் சமஸ்தான அனுபவமும் கையில் இருந்தன. ஆனாலும் அவர் மாதச் சம்பளத்தை நாடவில்லை. எழுத்து, சித்திரம், போட்டோ இந்த மூன்றை நம்பியே குடித்தனம் நடத்துவது என்று இறங்கினார். மிருகங்களையும் பறவைகளையும் பற்றி எழுதிப் பிழைக்க முடியும் என்று அப்போது யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

1950-ல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார். "நாட்டுப்புறக் குறிப்பேடு" என்று அந்தப் பகுதியின் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கட்டுரையும் அவரே, பக்கத்தில் உள்ள சித்திரமும் அவரே.

புலி, யானை மட்டும் அதில் வரவில்லை. கொல்லைப்புற அணில் வந்தது. ஓணான் வந்தது. காக்கை வந்தது. கிணற்றடியில் தத்தித் திரியும் தவிட்டுக்குருவி வந்தது. தினமும் நாம் பார்த்துவிட்டுப் போகிற பிராணிக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்று அவர் எழுதினார். கல்கத்தா வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள்.

காமிராவா, காயலான் கடையா?

காட்டில் படம் எடுப்பது வெளிநாடுகளில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் இரவில் படகில் போய், ஒளி வெடிப்பை உண்டாக்கி மான்களைப் படம் பிடித்தார். 1906-ல் ஒரு பிரபல பத்திரிகையில் அவை வெளிவந்தபோது மக்கள் வியந்தார்கள்.

இந்தியாவில் 1920-களில் சாம்பியன் என்ற வன அதிகாரி வேறொரு தந்திரம் செய்தார். புலி நடக்கும் பாதையில் மெல்லிய கம்பியைக் கட்டி வைப்பார். புலியின் கால் கம்பியில் பட்டதும் வெளிச்சம் பளிச்சிடும், காமிரா இயங்கும். புலி தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும்!

இவர்கள் வசதி படைத்தவர்கள், அல்லது சர்க்கார் பதவியில் இருந்தவர்கள். கிருஷ்ணனிடம் அந்த வசதி ஏது?

ஒரு கம்பெனியின் காமிராப் பெட்டி, இன்னொரு கம்பெனியின் தூரப் பார்வை லென்ஸ், எங்கெங்கோ கிடைத்த உதிரிப் பாகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை உண்டாக்கினார். அதற்கு "சூப்பர் பாண்டரோசா" என்று ஆடம்பரமாகப் பெயரும் வைத்தார்.

அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஈ.பி. ஜீ என்ற வெள்ளைக்காரர், தாமும் மிருகங்களைப் படம் பிடிப்பவர். அவர் இந்தக் காமிராவைப் பார்த்துவிட்டு வேடிக்கையாக எழுதினார். எங்கோ ஓர் இடத்தில் கம்பி போட்டுக் கட்டியிருக்கத்தான் வேண்டும் என்பது அவருடைய சந்தேகம்!

பெரிய அளவுப் பிலிம், கறுப்பு வெள்ளை மட்டும். இதுதான் கிருஷ்ணனின் கணக்கு. கலர்ப் படம் வந்த பிறகும் அவர் அதன் பக்கம் போகவில்லை. பெரிய பிலிமில் மரப்பட்டையின் சுருக்கமும் யானைத் தோலின் மடிப்பும் தெளிவாக விழும். ஆனால் கனம் அதிகம். சுருளில் சில படங்களே எடுக்க முடியும். விலையும் அதிகம்.

இப்போது காமிராவின் விசையை அழுத்திப் பிடித்தால் நொடிக்குப் பத்து, இருபது படங்கள் விழுகின்றன. பிடிக்காததை அழித்துவிடலாம். அவருக்கு அது முடியாது. எடுத்தது சரியா, தப்பா என்பது வீட்டுக்கு வந்து பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். ஆகவே விசையைத் தட்டுவதற்கு முன்பு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மிருகத்தின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

யானை முதுகில்

முதுமலை, பண்டிப்பூர், பெரியாறு என்று தென்னாட்டுக் காடுகளில் அவர் அலைந்தார். நடந்து போய்ப் படம் எடுத்தார். பழக்கிய யானையின் முதுகில் ஏறியும் போனார்.

யானை மேல் போவதில் ஒரு ரகசியம் உண்டு. காட்டு மிருகம் மனிதனைக் கண்ணால் அறிவதைவிட மோப்பத்தால்தான் அதிகம் அறியும். நடந்து வரும் மனிதனின் வாடை பட்டால் மான் ஓடிவிடும். யானையின் வாடையில் மனித வாடை அமுங்கிப்போகும். மேலே ஆள் இருந்தாலும் மிருகங்கள் அவ்வளவாக மிரளுவதில்லை.

ஆனால் யானை சும்மா நிற்குமா? மூச்சு விடும், காதை ஆட்டும், ஒரு காலை மாற்றி வைக்கும். நீளமான லென்ஸில் அந்தச் சிறு அசைவு போதும், படம் கலங்கிவிடும். யானை அசையாத ஒரு கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். எதிரில் நிற்பதும் அந்தக் கணம் பார்த்து அசையாமல் இருக்க வேண்டும்!

ஆபத்தும் இல்லாமல் இல்லை. கூட்டத்தோடு இருக்கும் காட்டு யானை, குட்டிக்கு ஆபத்து என்று நினைத்தால் பாயும். தனித்துத் திரியும் ஆண் யானையின் மனம் யாருக்கும் தெரியாது. அப்போது உயிர் இருப்பது பாகனின் கையில்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த ஓடையில் மிருகம் தண்ணீருக்கு இறங்கும் என்பது காட்டிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டிகளுக்குத்தான் தெரியும். முதுமலைக் காட்டில் குறும்பர் மக்கள் அதில் கெட்டிக்காரர்கள். படத்தில் அவர்களுடைய முகம் விழுவதில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் படம் இல்லை.

மிருகமும் வேண்டும், காடும் வேண்டும்

கிருஷ்ணன் எடுத்த படத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். மிருகத்தின் மூஞ்சி மட்டும் சட்டம் முழுவதும் நிறைந்திருக்காது. அது நிற்கிற புல், மூங்கில், பின்னால் உள்ள மரம் எல்லாம் இருக்கும். எந்தக் காட்டில், எந்தப் பருவத்தில், என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரியும்.

அழகுக்காக மட்டும் அவர் படம் எடுக்கவில்லை. சாட்சியத்துக்காக எடுத்தார். மிருகங்கள் வேகமாக அழிந்துகொண்டிருந்த காலம் அது. இந்தியாவில் இருந்த சிவிங்கிப்புலி அற்றுப்போய்விட்டது என்று 1952-ல் சர்க்காரே ஒப்புக்கொண்டது. சமவெளியில் மந்தை மந்தையாகத் திரிந்த வெளிமான், சில இடங்களில் மட்டும் எஞ்சி நின்றது. வேட்டை லைசென்சு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

1968-ல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு பெல்லோஷிப் கிடைத்தது. அதைக்கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி விரிவான ஆய்வு நடத்தினார். எந்தக் காட்டில் எந்த மிருகம் இருக்கிறது, எப்படி வாழ்கிறது என்று குறித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அதை வெளியிட்டு, 1975-ல் புத்தகமாகவும் கொண்டுவந்தது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. அதன் வழிகாட்டிக் குழுவில் கிருஷ்ணனும் இருந்தார். இந்திய வனவிலங்கு வாரியத்திலும் பல்லாண்டுகள் உறுப்பினராக இருந்தார். பதவியில் உள்ளவர்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று பார்த்துப் பேசுகிறவர் அல்ல அவர். பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார்.

சொந்த மண்ணின் சொத்து

அவருடைய கொள்கையை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். காட்டைத் திருத்தப் போகாதே, அதன் போக்கில் விடு. வெளிநாட்டுச் செடியைக் கொண்டுவந்து நடாதே, சொந்த மண்ணில் முளைத்ததைக் காப்பாற்று.

சாலையோரத்தில் செக்கச்செவேலென்று பூக்கும் குல்மொஹர் மரத்தைக் கண்டால் நமக்கு மகிழ்ச்சி. அவருக்கு வருத்தம். வேப்பமும் புங்கமும் இருக்க, மடகாஸ்கரிலிருந்து வந்த மரம் எதற்கு என்று கேட்டார். நாட்டு நாய்களைப் பற்றியும் எழுதினார். நம் கலை, நம் கோவில் எல்லாவற்றையும்விடப் பழமையானது இந்த மண்ணின் செடியும் விலங்குமே, அதைப் போக்கடித்துவிட்டால் நாட்டின் அடையாளமே போய்விடும் என்பது அவர் கட்சி.

அவருக்குப் பிடித்த இடங்களில் ஒன்று வேடந்தாங்கல். சர்க்கார் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே, அந்த ஊர்க் குடியானவர்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைக் காத்து வந்தார்கள். துப்பாக்கி எடுத்தவனை ஊருக்குள் விடமாட்டார்கள்.

அதில் தர்மமும் உண்டு, கணக்கும் உண்டு. ஏரி நடுவே நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன், வெள்ளைக் கொக்கு எல்லாம் கூடு கட்டும். அவற்றின் எச்சம் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் தேட வேண்டியதில்லை. பறவையைக் காத்தவனுக்குப் பறவை படியளந்தது!

நாமக்கல் தொடர்பு

இங்கிலீஷில் அவ்வளவு எழுதிய கிருஷ்ணன் தமிழை மறந்துவிடவில்லை. தமிழுக்காகப் பேசி உயிர் விட்டவரின் மகன் அல்லவா! பெரியசாமித் தூரன் தலைமையில் உருவான தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு அவர் பிராணிகளையும் பறவைகளையும் பற்றி எழுதிக் கொடுத்தார். வேடந்தாங்கலைப் பற்றித் தமிழில் எழுதினார். "கதிரேசன் செட்டியாரின் காதல்" என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார்.

ஆனால் அந்தத் தமிழ் எழுத்து பல காலம் பழைய தொகுதிகளில் புதைந்து கிடந்தது. இயற்கையைப் பற்றி எழுதும் சு. தியடோர் பாஸ்கரன் அதில் ஒரு பகுதியை "மழைக்காலமும் குயிலோசையும்" என்ற நூலாகத் தொகுத்தார்.

"பறவைகளும் வேடந்தாங்கலும்" என்ற நூலைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பிறந்தவர். நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். திருநெல்வேலியில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, கல்கத்தாவுக்கு எழுதியவரின் தமிழ், நாமக்கல்காரர் ஒருவர் கையால் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது.

அது பொருத்தம்தான். கிருஷ்ணன் எழுதிய பறவைகளில் பலவும் நம் பக்கத்துப் பறவைகள். கம்பியில் உட்கார்ந்து, பறக்கும்போது நீல இறக்கையை விரிக்கும் பனங்காடை. வேலி ஓரத்தில் நடக்கும் செம்போத்து. மாட்டின் முதுகில் சவாரி போகும் கரிச்சான். கொல்லைமேட்டில் கத்தும் ஆள்காட்டி. நாமக்கல் தூசூர் ஏரியில் தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் வந்துவிடும். படம் எடுக்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும் என்பதில்லை.

கடைசி வரை எழுதியவர்

மத்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது. 1995-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு, உலகில் சிறந்த தொண்டு செய்த 500 பேர் வரிசையில் அவரையும் சேர்த்துக் கௌரவித்தது. பரிசும் பட்டமும் வந்தபோதும் அவர் எழுத்தை நிறுத்தவில்லை.

1996-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் கிருஷ்ணன் காலமானார். வயது 83. அன்றைய "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்திருந்தது. 46 ஆண்டுகள் விடாமல் எழுதிய பகுதி, எழுதியவரோடு அன்றே முடிந்தது.

அவருக்குப் பிறகு அவருடைய படங்களைத் திரட்டி, 2006-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அந்த வேலையில் பங்கு கொண்டவர்களில் ஒருவர், பெங்களூரில் வாழ்ந்த பிரபல வனவிலங்குப் படக்காரர் டி.என்.ஏ. பெருமாள். சென்னை இயற்கையாளர் சங்கம், இயற்கையைப் பற்றி எழுதும் இளைஞர்களுக்குக் கிருஷ்ணன் பெயரில் பரிசு வழங்க ஏற்பாடு செய்தது.

இன்று காட்டுக்குப் படம் பிடிக்கப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஜீப்பு இருக்கிறது, வழிகாட்டி இருக்கிறார், லட்ச ரூபாய்க் காமிரா இருக்கிறது. சில இடங்களில் ஒரு புலி தென்பட்டால் போதும், பத்து வண்டிகள் அதை வளைத்துக்கொள்கின்றன. படம் விழுகிறது. புலிக்குப் போக வழி இல்லை.

கிருஷ்ணனிடம் இருந்தது ஒட்டுப்போட்ட காமிராவும் சில படங்களுக்கான பிலிமும்தான். மிருகம் மிரண்டால் படமும் போயிற்று, காத்திருந்த பொழுதும் போயிற்று. ஆகையால் அது தன் இஷ்டப்படி மேய்ந்து, தண்ணீர் குடித்து, தன் வழியே போகும் வரைக்கும் அவர் காத்திருந்தார். அந்தப் பொறுமையை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.